கடல் என்ற பொத்தான்

பிரிஜாவைப் பற்றி எழுது என்று சொன்னால், அவள்மேல் எனக்குள்ள எரிச்சலில் இருந்துதான் தொடங்க வேண்டும். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து தள்ளிவிட அவளுக்குத் தெரியாது. திரையில் ஒரு பொத்தானைக் கொஞ்சம் மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று மூன்று நாள் யோசிப்பாள். அந்த மூன்று நாளும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேட்டால், வயசானவங்களுக்குப் பெருவிரல் எங்கே போகும் என்று பார்க்க வேண்டாமா என்பாள்.

அவள் முட்டத்துக்காரி. அம்மா இல்லை. அப்பா சிலுவைதாசன் விசைப்படகு ஓட்டுகிறவர். திங்கட்கிழமை விடியும் முன்னே ஆறு பேரோடு போனால் சனிக்கிழமைதான் கரை. நான் பூதப்பாண்டிக்காரி. எங்களுக்கு வயலும் குளமும் தெரியும். கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை சொத்தவிளைக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வருவது. நாகர்கோவிலில் வெட்டூர்ணிமடம் பக்கம் ஒரு மாடியில் ஏழு பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனியில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. அவள் வடிவமைப்பாள், நான் சோதித்துப் பார்ப்பேன். அவள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஒரு வேலையை நான் ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

நாங்கள் செய்தது ஒரு ஈக்குவலைசர் செயலி. பாடலிலோ பேச்சிலோ கனத்த சத்தம், நடுச்சத்தம், கீச்சுச் சத்தம் என்று பல தட்டுகள் உண்டு. எந்தத் தட்டைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை நம் கையில் கொடுப்பதுதான் ஈக்குவலைசர். எல்லாச் செயலியிலும் இது பத்துக் கோடுகளாக வரும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். பிரிஜா அப்படி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, கண்டவர்களிடமெல்லாம் கொடுத்துப் பார்த்தாள். கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்துக் கோட்டையும் உச்சிக்கு இழுத்துவிட்டார்கள். எல்லாம் கூடுதலாக இருந்தால்தானே நல்லது என்று ஒரு காய்கறிக்காரர் நியாயம் கேட்டாராம். ஒரு ஆட்டோக்காரர் எண்களைப் பார்த்துப் பயந்து, எதையும் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே பத்துக் கோட்டையும் தூக்கிவிட்டாள். அதற்குப் பதில் ஐந்து பெரிய பொத்தான்கள். பாட்டு, பேச்சு, பஸ், அடுக்களை, கடல். எங்கே இருக்கிறோமோ, என்ன கேட்கிறோமோ அதைத் தொட்டால் போதும், பத்துக் கோட்டையும் உள்ளே இருந்து செயலியே ஏற்றி இறக்கிக்கொள்ளும். எங்கள் முதலாளி பெனின், நீல வெளிச்சம் மின்ன வேண்டும், வட்டமாக ஏதாவது சுழல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பார்த்தார். பிரிஜா மசியவில்லை. பார்க்கிறவனுக்குக் கண் கூசும், தொடுகிறவனுக்கு என்ன புண்ணியம் என்று கேட்டுவிட்டாள்.

கடல் என்ற பொத்தான் அவள் அப்பாவுக்காக வந்தது. இருபத்திரண்டு வருஷம் இஞ்சினோடு குடியிருந்ததில் சிலுவைதாசனுக்குக் காது மந்தம். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. கப்பல் ஹார்ன், இடி, இஞ்சின் போன்ற கனத்த சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கும். மகள் பேசினால்தான், வாய்க்குள்ளேயே பேசாதே என்று சண்டை வரும். ஓடுகிற படகில் ஆட்கள் சொல்வது ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரித் தலையை ஆட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதை மகளிடம் சொல்லவும் செய்திருக்கிறார்.

கடல் பொத்தானைத் தொட்டால் போனின் மைக் சுற்றியுள்ள சத்தத்தை வாங்கும். செயலி அதில் இஞ்சின் இரைச்சலை அமுக்கி, மனிதப் பேச்சை மட்டும் தூக்கி, இயர்போன் வழியாகக் காதுக்குக் கொடுக்கும். வயர் இல்லாத இயர்போனில் பேச்சு கொஞ்சம் பிந்தி வந்ததால், வயர் உள்ளதாக வாங்கிக் கொடுத்தாள். காதை அடைத்துக்கொள்ளும் ரப்பர் வைத்தது, வெளிச்சத்தம் துளிகூட உள்ளே போகாது. போன் எப்போதும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், கை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால், அந்தப் பொத்தானை மட்டும் பாதித் திரைக்குப் பெரிதாக்கினாள். ஒருமுறை தொட்டால் ஓடத் தொடங்கும். தெரியாமல் கை பட்டு நின்றுவிடக் கூடாது என்று, நிறுத்துவதை மட்டும் கொஞ்சம் கடினமாக்கினாள்.

சோதனைக்கு நானும் துறைமுகம் போனேன். கட்டிப்போட்ட படகில் இஞ்சினை ஓடவிட்டு, பிரிஜா பின்பக்கம் நின்று சாதாரணக் குரலில், அப்பா சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். படகைத் திருப்புகிற சக்கரத்தின் முன்னால் இருந்த மனுஷன் திரும்பிப் பார்த்தார். மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் என்று பதில் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் சோதனைப் பட்டியலில் நாற்பத்திரண்டு வரி இருந்தது. பொத்தான் வேலை செய்கிறதா, பேச்சு தெளிகிறதா, இஞ்சின் அமுங்குகிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். எல்லாவற்றுக்கும் பச்சை டிக் போட்டேன். எந்தச் சத்தம் அமுங்கவே கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியது நான்தான்.

சிலுவைதாசன் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். போய் வந்து, ஆறு பேரும் என்னென்ன பேசுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது, ஒருத்தன் பேச்சும் உருப்படியாக இல்லை என்று மகளிடம் குறைப்பட்டாராம். பிரிஜா அதை ஆபீசில் பத்துத் தடவை சொல்லிக் காட்டினாள். இரண்டாவது முறை போனது ஒரு திங்கட்கிழமை.

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம், அவள் கம்ப்யூட்டருக்கான பதிப்பைச் செய்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் திரை பெரிது, தெரிந்தவர்களும் பயன்படுத்துவார்கள் என்பதால் அதில் பத்துக் கோட்டையும் காட்டலாம் என்று முடிவு. கடல் பொத்தானைத் தொட்டதும் இடப்பக்கம் கனத்த சத்தத்துக்கான மூன்று கோடுகள் தரையில் போய்ப் படுத்தன. போனில் இது கண்ணுக்குத் தெரியாது. துறைமுகத்தில் பதிவு செய்த ஒரு சத்தத்தை ஓடவிட்டுப் பார்த்தவள், ஹெட்செட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“நந்தனா, இத ஒண்ணு கேளு.”

கேட்டேன். யாரோ ஐஸ் பெட்டியை இழுக்கச் சொல்லிக் கத்துவது தெளிவாகக் கேட்டது. நல்லாத்தான் இருக்கு என்றேன்.

“ஹார்ன் கேட்டியா?”

“எந்த ஹார்னு?”

அவள் திரையைக் காட்டினாள். சத்தத்தின் படம் ஓரிடத்தில் தடித்துப் புடைத்திருந்தது. கடல் பொத்தானை அணைத்துவிட்டு அதே இடத்தை மறுபடி ஓடவிட்டாள். தூரத்தில் போன ஒரு கப்பலின் ஹார்ன், எருமை கத்துகிற மாதிரி நீளமாக வந்தது. பொத்தானைப் போட்டாள், அது இல்லை. அணைத்தாள், இருந்தது. இஞ்சின் இரைச்சலும் கப்பல் ஹார்னும் ஒரே தட்டில் இருக்கிற சத்தம். நாங்கள் இஞ்சினை அமுக்குகிறோம் என்று சொல்லிக் கப்பலையும் சேர்த்து அமுக்கியிருந்தோம்.

பிரிஜா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எனக்கு உடனே முழுதாகப் புரியவில்லை. கண்ணால் பார்க்க மாட்டாரா என்று கேட்டேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். குமரிமுனையைச் சுற்றிப் போகிற சரக்குக் கப்பல்கள் மீன் பிடிக்கிற இடம் வழியாகத்தான் போகும். ராத்திரி ஆறு பேரும் உறங்க, அப்பா ஒருவர்தான் சக்கரத்தில் இருப்பார். யாராவது எழுந்து கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று அப்போதும் இயர்போனைக் கழற்ற மாட்டார். பின்னால் இருந்து கப்பல் வந்தால் கண் பார்க்காது, காதுதான். அந்தக் காதுக்குள் ரப்பரைத் திணித்து அனுப்பியது அவள். மணி மூன்று தாண்டியிருந்தது. இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது.

பெனினிடம் ஓடினோம். சரிசெய்து அப்டேட் அனுப்பிவிடலாமே என்றார். நடுக்கடலில் டவர் எங்கே இருக்கிறது என்று நான் கத்தினேன். முதலாளியிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. அவரும் பயந்துதான் போயிருந்தார். செயலியை இறக்கியவர்களின் கணக்கைத் திறந்து பார்த்து, மொத்தமே மூன்று போனில்தான் செயலி இருக்கிறது, உன்னுடையது, அவளுடையது, அவள் அப்பாவுடையது என்று மூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, எப்படியாவது அப்பாவிடம் கழற்றச் சொல்லிவிடுங்கள், ஆனால் எதற்கென்று விளக்க வேண்டாம், கம்பெனி பெயர் வெளியே வரக் கூடாது என்றார். பிரிஜா அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

கடலில் இருக்கிற படகோடு பேச வயர்லெஸ் ஒன்றுதான் வழி. முட்டத்தில் ராகேல் அக்காள் வீட்டில் ஒரு செட் உண்டு, மாடியில் உயரமான கம்பி நட்டு வைத்திருப்பாள். அக்காளின் புருஷனும் கடலில் இருக்கிறவர்தான். போன் போட்டோம், எடுக்கவில்லை. ஆசாரிப்பள்ளம், வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை என்று என் ஸ்கூட்டரில் பறந்தோம். பின்னால் இருந்த பிரிஜா வழியெல்லாம் போன் போட்டுக்கொண்டே வந்தாள். மணி அடிக்கிற சத்தம் என் காதிலும் விழுந்தது. ஒரு லாரி பின்னால் ஹார்ன் அடித்தபோது நான் வண்டியைச் சாய்க்கப் பார்த்தேன். அந்தச் சத்தம் கேட்கிற என் காதை நினைத்தே எனக்கு அழுகை வந்தது.

ராகேல் அக்காள் வீட்டில்தான் இருந்தாள். போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. விஷயத்தைச் சொன்னோம். செட்டை உடனே போட அவள் தயங்கினாள். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அவள் கரையிலிருந்து பேசுவாள். வேறு நேரத்தில் கரை கூப்பிட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் கடலில் இருக்கிறவன் எடுத்துக்கொள்வான். எந்நேரம் பேசினாலும் முதல் பேச்சு, கரையில் எல்லாருக்கும் சுகம் என்பதுதான். அதைச் சொல்லாமல் அவள் வேறெதையும் சொல்லமாட்டாள். சொல்லாமல் பேச்சைத் தொடங்கிய ஒரு நாளில், கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் படகிலேயே மயங்கி விழுந்திருக்கிறாராம். ஐந்தரை வரை பொறுக்க முடியாது என்று பிரிஜா அவள் காலில் விழப்போனாள். அக்காள் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் செட்டைப் போட்டாள்.

சிலுவைதாசனின் படகு எட்டவில்லை. இரண்டு முறை கூப்பிட்ட பிறகு நடுவில் கிடந்த வேறொரு படகு எடுத்தது. ஸ்டெனி என்று பெயர் சொன்னான். கரைக்கும் தூரத்துப் படகுகளுக்கும் நடுவில் இருக்கிறவன், இங்கே சொல்வதை அங்கே சொல்வான். அக்காள் வாயைத் திறப்பதற்குள் பிரிஜா மைக்கைப் பிடுங்கினாள்.

“அண்ணே, எங்க அப்பாட்ட காதுல இருக்கத கழட்டச் சொல்லுங்க. இப்பமே கழட்டச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். சுகம் என்ற சொல் வரவில்லை. செட்டில் ஒரு நொடி வெறும் இரைச்சல். அப்புறம் எங்கெங்கோ கிடந்த படகுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. யாருக்கு, யாரு வீட்டுல, என்ன ஆச்சு. ஒரு குரல் தன் பெண்டாட்டி பெயரைச் சொல்லி, அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாளே என்று கேட்டது. நேரங்கெட்ட நேரத்தில் செட் பேசுவதைக் கேட்டு வாசலில் கூடியிருந்த பெண்களும் உள்ளே ஓடி வந்தார்கள். என் காது அடைத்துப்போனது. ராகேல் அக்காள் மைக்கைத் திருப்பி வாங்கி, கரையில் எல்லாருக்கும் சுகம், எல்லாருக்கும் சுகம் என்று ஏழெட்டுத் தடவை சொன்னாள். கடல் அடங்க அஞ்சு நிமிஷம் ஆனது. அந்த அஞ்சு நிமிஷமும் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஸ்டெனி நிதானமாகக் கேட்டான். காதில் இருப்பது என்றால் அந்தக் கடல் பொத்தானா? ஆமா என்றாள் பிரிஜா.

“அது எனக்க காதுலயும் இருக்கே.”

போன வாரமே சிலுவைதாசன் கொடுத்தாராம். ஐஸ் குறைந்தாலும் தூண்டில் இரை குறைந்தாலும் இரண்டு படகு கடலில் பக்கத்துப் பக்கம் அணைந்து நின்று கைமாற்றிக்கொள்வது வழக்கம். அப்படி அணைந்த படகுக்கெல்லாம், எனக்க மக உண்டாக்கினது என்று சொல்லிப் போனிலிருந்து போனுக்கு அனுப்பியிருக்கிறார். வாங்கியவர்கள் அடுத்த படகுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடமிருந்து இறக்கியதுதான் கணக்கில் ஏறும், கடலில் கைமாறியது எப்படி ஏறும்? பெனின் சொன்ன மூன்று, நாங்களே கொடுத்த போன்கள் மட்டும்தான்.

எதுக்குக் கழட்டணும் என்று ஸ்டெனி கேட்டான். மொத்தக் கடலும் கேட்டுக்கொண்டிருந்தது. பிரிஜா என்னைப் பார்த்தாள். பெனின் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய், இந்த முறை சுகம் சொல்லித் தொடங்கி, தான் யார் மகள், எந்தக் கம்பெனி, என்ன செய்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

“அத மாட்டியிருந்தா கப்பலுக்க ஹார்ன் கேக்காது. நாந்தான் தப்புப் பண்ணினேன். எல்லாரும் கழட்டிருங்க.”

யாராவது ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் ஏசவில்லை. ஒரு படகு கழட்டியாச்சு என்றது. இன்னொன்று. ராகேல் அக்காள் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் படகுகளின் பெயரை எழுதிக்கொண்டே வந்தாள். எட்டாத தூரத்தில் கிடந்தவற்றுக்கு ஸ்டெனி சொல்லி, பதில் வாங்கிச் சொன்னான். பதினாலு படகு. பதினாலாவது பதில் வந்தபோது வாசலில் வெளிச்சம் மங்கி, கலங்கரை விளக்கு சுற்ற ஆரம்பித்திருந்தது. அந்தப் பதினாலில் சிலுவைதாசனும் உண்டு. அண்ணன் கழட்டிட்டாரு என்று ஸ்டெனி சொன்னபோது பிரிஜா நாற்காலியில் அப்படியே சரிந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வந்த பெண்களில் ஒருத்தி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

முடிந்தது என்றுதான் நினைத்தோம். அக்காள் செட்டை அணைக்கக் கை வைத்தபோது ஸ்டெனியின் குரல் மறுபடி வந்தது. அண்ணன் மகளிடம் ஒன்று கேட்கச் சொல்கிறார் என்றான். அதுவரை இல்லாத ஒரு தயக்கம் அவன் குரலில் இருந்தது.

“நேத்து ராத்திரி ரெண்டு மணி இருக்குமாம். ஒரு கப்பலு அவருக்க போட்டை ஒட்டிப் போச்சாம். லைட்டக் கண்டு கடைசியிலதான் திருப்பினாராம். ஹார்ன் அடிக்காமப் போறான் பாருன்னு அவன நல்லா ஏசிட்டாராம். இப்பம் கேக்காரு, அவன் அடிச்சிருப்பானான்னு.”

நான் பிரிஜாவின் கையைப் பிடித்து, தெரியாதுன்னு சொல்லு என்று காதில் சொன்னேன். உண்மையும் அதுதானே, யாருக்குத் தெரியும்? ஒரு அப்பா தன் மகள் செய்து கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஆறு பேரோடு சாகப் பார்த்தார் என்பதை அவர் காதில் போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“அடிச்சிருப்பான்னு சொல்லுங்கண்ணே.”

“அப்பிடியே சொல்லட்டா?”

“அப்பிடியே சொல்லுங்க.”

அவன் சொல்லப் போனான். செட்டில் எங்களுக்கு எட்டாத பேச்சு விட்டுவிட்டு இரைந்தது. பிரிஜா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெனி வந்தான்.

“அண்ணன் திருப்பி ஒண்ணும் சொல்லல மக்கா. போட்டுல உள்ள ஆறு பேரையும் கூப்பிட்டு முன்னால இருத்தி, நேத்து நடந்தத சொல்லிட்டிருக்காரு. அவனுவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா, ஒறங்கிட்டுக் கெடந்தானுவ.”